அருவிக்கடியில் ஆங்கிலப் பரீட்சை

இன்று குற்றாலம் மெயின் அருவி, பெண்கள் பக்கம். நல்ல கூட்டம்.

என் தோழி செல்விக்கு நாளை நர்ஸ் வேலைக்கான ஆங்கிலத் தேர்வு. ஒரு சொல்லுக்கு முன்னால் எதை ஒட்டுவது, பின்னால் எதை ஒட்டுவது என்பதில்தான் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டாள். தலை கொஞ்சம் குளிரட்டும் என்று நான்தான் இழுத்துவந்தேன்.

வரிசையிலும் அவள் விடவில்லை. "ஏட்டி, நீ கேளு, நான் சொல்லுதேன். இந்தத் தடவையும் போச்சுன்னா வீட்ல மறுபடி எழுத விட மாட்டாவ."

அருவிக்கடியில் ஒரே இரைச்சல். நான் "பாசிபிள்!" என்று கத்த, அவள் "இம்பாசிபிள்!" என்று கத்தினாள்.

குளித்தவர்களை விசில் ஊதி வெளியேற்றும் பெண் போலீஸ் எங்களையே பார்த்தார். திட்டு விழப்போகிறது என்று நகர்ந்தோம்.

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"இங்கனயே நில்லுங்க. எனக்கும் எஸ்.ஐ. பரீட்சை வருது. இன்னும் நாலு கேளுங்க, நானும் சொல்லிப் பாக்கேன்."

"ரெகுலர்!" என்றேன்.

"இர்ரெகுலர்!" என்று இருவரும் சேர்ந்து கத்தினார்கள்.

விசில் சத்தமே இல்லை. வரிசை அப்படியே நின்றது.

பின்னாலிருந்து "உள்ள போனவளுவ அங்கனயே குடும்பம் நடத்துதாளுவளா?" என்று கேட்ட அக்கா, இதைப் படித்தால் கமெண்டில் வாங்க. செல்வி பாஸானால் பரோட்டா என் செலவு.