மந்தி என்று போட்டிருந்த பக்கம்

அறுபத்தொன்பது மாசியில், திருக்கோஷ்டியூர் தெப்பக்குளத்துப் படியில் என் மனைவியைக் குரங்கு கடித்தது. முந்தின மாசியில் பிள்ளை கேட்டு, அந்தக் கோயில் வழக்கப்படி அங்கிருந்து ஒரு விளக்கை எடுத்து வந்திருந்தோம்; பலித்தால் திருப்பி வைக்க வேண்டும். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துக் கரு தங்கியது. ஆறாம் மாதத்தில் விளக்கைத் திருப்பி வைக்கப் போன இடத்தில், அவள் கையிலிருந்த பழத்துக்காகக் குரங்கு பாய்ந்தது. மணிக்கட்டில் நான்கு பல் தடம். இரண்டு ஆழம், இரண்டு மேலாக.

கூட நின்றவர்கள், ஆஞ்சநேயரே தொட்டுவிட்டார் என்று கடிவாயில் குங்குமத்தை அப்பினார்கள். காரைக்குடி திரும்பித்தான் சோப்புப் போட்டுக் கழுவினேன். நடுவில் மூன்று மணி நேரம் போயிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர், "தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி, தினம் ஒண்ணு" என்றார்.

"மாசமா இருக்கா சார்."

"தெரியுது. நாயா இருந்தா பத்து நாள் கட்டிப்போட்டு வெறி வருதான்னு பாக்கலாம். குரங்க எங்குட்டுப் போய்க் கட்டுவீக? சீக்கிரம் முடிவு பண்ணுங்க."

அவள் வயிற்றைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். "கையைக் கடிச்சதுக்கு வயித்துல குத்துவாகளாம். பிள்ள மேல பட்டா நீங்களா பொறுப்பு?"

அன்று மத்தியானமே பஸ் ஏறிப் போய்க் கோயில் குரங்குகளை எண்ணினேன். முப்பத்தேழு. மறுபடி எண்ணினேன், முப்பத்தாறு. ஒன்று செத்துவிட்டதா, மதிலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டதா?

மூன்றாம் நாள் நூலகத்துக்குப் போனேன். விலங்குகளைப் பற்றித் தமிழில் இருந்தவை நான்கு புத்தகங்கள். மூன்றில் குரங்கு ராமாயணத்தோடு முடிந்துவிட்டது. நான்காவதில் 'மந்தி' என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கம் இருந்தது. இலை தழை தின்னும், கூச்ச சுபாவம், மனிதரைக் கண்டால் மரம் ஏறிவிடும். நோய் என்ற சொல்லே இல்லை. எங்கள் பக்கத்தில் குரங்கை மந்தி என்றுதான் சொல்வோம். ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, "ஊசி வேண்டாம், புத்தகத்திலேயே போட்டிருக்கு" என்றேன். அவள் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. கூச்சமுள்ள பிராணி ஏன் பாய்ந்து கடித்தது?

நான்காம் நாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர் ஒருவரைத் தேடிப் போனேன். முதலில் அவர் கேட்டது, "மூஞ்சி கறுப்பா, செவப்பா?"

"செவப்பு சார். தலையில குல்லா கவுத்த மாதிரி முடி."

"அப்ப நீங்க படிச்சது வேற சாதி. புத்தகத்து மந்திக்கு மூஞ்சி கறுப்பு, வால் நீளம். நம்மாளுக வால் இருந்தா எல்லாத்தையும் மந்திம்பாக."

இரும்பு அலமாரியைத் திறந்து ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்துத் தந்தார். அந்தக் குரங்குக்குப் பதினொரு பக்கம் இருந்தது. என்ன தின்னும், எத்தனை குட்டி போடும், எத்தனை பல், எல்லாம் இருந்தன. கடித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரி இல்லை. முன்னும் பின்னும் புரட்டினேன்.

"எழுதல சார். அப்ப வராதுதானே?"

"எழுதலன்னா எழுதுனவருக்குத் தெரியலன்னு அர்த்தம்" என்று புத்தகத்தை வாங்கி மூடினார். "ரெண்டு நாளப் புத்தகத்துல தொலைச்சிட்டீக. போய் ஊசியப் போடுங்க."

நேற்று வேண்டாம் என்ற வாயால் இன்று வேண்டும் என்றேன். அவள் கேட்டாள், "எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு?"

"எதுலயும் போடல. அதான் பயமா இருக்கு."

அவள் சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

பதினான்கு நாளும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆறாம் ஊசியன்று காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை என்றாள்; சாயங்காலம் அசைந்தது. ஆனியில் பெண் பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம் என்று எல்லோருக்கும் கார்டு போட்டேன், எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. வருஷம் கழித்தும் விஷம் ஏறும், ஏறினால் தண்ணீரைக் கண்டு மிரளுவார்கள் என்று பஸ்ஸில் யாரோ பேசியது காதில் விழுந்திருந்தது. தினமும் காலையில் ஒரு செம்புத் தண்ணீரை நானே கொண்டுபோய்க் கொடுத்து, கடைசி மடக்கு வரை நின்று பார்ப்பேன்.

ஒருநாள் செம்பைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் எத்தன நாளைக்கு இப்படிப் பாக்கப் போறீக?" என்றாள்.

அதை மட்டும் எங்கு தேடியும் என்னால் படித்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை.