எலனின் மகள் மரியோட்டா

பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. சந்தேகப்படுகிறவர்கள் தில்லையடிக்கு வாருங்கள். அந்த மேசையையும் கதிரையையும் காட்டுகிறேன்.

வீட்டிலிருந்தே கணினியில் செய்கிற வேலை எனக்கு. ஸ்கொட்லாந்தில் ஒரு அம்மையார், அறுநூறு வருடங்களுக்கு முந்திய அந்த நாட்டுப் பிரபுக்களின் வம்சாவளியைத் தொகுக்கிறார். பழைய பத்திரங்களை ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்புவார். யாருக்கு யார் பிள்ளை, பட்டம் யாருக்குப் போனது என்று நான் வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும்.

போன ஆகஸ்ட், ஒரு புதன்கிழமை. மதிய லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தேன். ஒரு பிரபு இறந்து, பட்டம் அவருடைய தம்பிக்குப் போயிருந்தது. ஆனால் பிரபுவுக்கு ஒரு மகள் இருந்தாள். பெயர் மரியோட்டா, வயது ஏழு. தாய் எலன். வாசித்தேன், அடித்தேன், சேமித்தேன்.

மறுபடி பார்த்தால்... மகள் இல்லை. அண்ணனுக்குப் பிறகு நேரே தம்பி.

திரும்ப அடித்தேன். திரும்பவும் இல்லை.

வெளியே கச்சான் காற்று மண்ணை வாரி இறைக்கிற வெயில். எனக்கோ குளிரில் கை விறைத்தது. அடுப்படியிலிருந்து தங்கச்சி மபாஸா கத்தினாள்.

“ராத்தா! ஈரக் கம்பளி வாட வருது. என்னத்த ஊறப் போட்ட?”

“நான் ஒண்டும் போடல்ல.”

எங்கள் வீட்டில் கம்பளியே கிடையாது.

மூன்றாம் தடவை என் கண் முன்னாலேயே நடந்தது. அழிக்கிற விசை தானாக அமுங்கியது. டக்... டக்... டக்... மகளின் பெயர் எழுத்து எழுத்தாகக் குறைந்தது. கதிரைக்குப் பின்னால் கனமான மூச்சு. ஆண் மூச்சு.

பயந்தேன். ஓம், நன்றாகவே பயந்தேன். ஆனால் அதைவிடக் கோபம் வந்தது. தொண்ணூறில், முஸ்லிம்கள் என்பதற்காக எங்களை மன்னாரிலிருந்து விரட்டினார்கள். பிறகு வாக்காளர் இடாப்பிலும் எங்கள் பெயர் இல்லாமல் போனது. வாப்பா அதற்காக அலைந்தே மௌத்தானார். இனி என் கையால் யாருடைய பெயரும் அழியாது.

“அந்தப் புள்ளயிட சொத்தத் திண்ட சாச்சா நீதானே?” என்று, பட்டம் வாங்கிய அந்தத் தம்பியைக் கேட்டேன்.

மூச்சு நின்றது.

தோளில் ஒரு கை... ஈரமாக...

நான் திரும்பவில்லை. எங்களில் மையித்தை அடக்கிய பிறகு, கப்ரடியில் நின்று, இறந்தவரைத் தாயின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அப்படியே கூப்பிட்டேன். சத்தமாக.

“எலன்ட மகள் மரியோட்டா!”

கை விலகியது.

என் காலடியில்... சீமெந்துத் தரைக்குக் கீழே...

தட்.

தட்... தட்...

மணி 1.52. மபாஸாவுக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

பெயரை மறுபடி அடித்தேன். அழியவில்லை. அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அம்மையார் அழைத்தார். பத்திரத்தில் மகளே இல்லையே, பிரபு பிள்ளையில்லாமல் இறந்தார் என்றுதானே இருக்கிறது என்றார். திறந்து பார்த்தேன். அல்லாஹ்வே... அவர் சொன்னது சரி. மகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

“இருக்கட்டும். அந்தப் பெயரை எடுக்க விடமாட்டேன்” என்றேன்.

அவர் மெதுவாகச் சொன்னார். போன வாரம்தான் அந்தத் தம்பியின் கல்லறையைத் திறந்தார்களாம். அவனுடைய எலும்புகளுக்குக் கீழே ஒரு கற்பலகை. அதற்கும் கீழே இன்னொரு எலும்புக்கூடு. பெண் பிள்ளை. ஏழு வயதிருக்குமாம். இன்னும் வெளியில் யாருக்கும் தெரியாதாம்.

பிள்ளையின் விரல் எலும்புகள் எல்லாம் முறிந்திருந்தனவாம். உள்ளேயிருந்து தட்டியிருக்கிறாள்.