கவுண்டருக்குக் கீழே இருந்தது யார்?

என் அலுமாரியில் அப்பாவின் நீலக் கோட்டு தொங்குகிறது. அதைத் தன் தொடருக்கென்று இரவல் வாங்கியவள் மச்சாள். அத்தையின் ஒரே மகள், லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் வீட்டில் வளர்ந்தவள். தொலைக்காட்சிக்கு நகைச்சுவைத் தொடர் எழுதுகிறாள். கோட்டைச் சலவை செய்து, பிளாஸ்டிக் உறை போட்டுத் திருப்பித் தந்தாள். அந்த மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது எந்தத் தொடரைப் போட்டாலும் எங்கள் நிறத்து ஆள் ஒருவர் கடைக்காரராக வருவார். தலையை ஆட்டி, தப்பான ஆங்கிலம் பேசி, அவமானப்பட்டுப் போவார். பின்னால் சிரிப்பொலி எழும். அப்பா எழுந்துபோய்ப் பெட்டியை அணைத்துவிடுவார். பெட்ரோல் நிலையக் கவுண்டரில் பகல் முழுக்க அதே சிரிப்பைக் கேட்டுவிட்டு வருகிறவர் அவர். "நான் வளந்து எழுதுறன் மாமா, எங்களைப் பாத்து ஒருத்தரும் சிரிக்கேலாத மாதிரி" என்று ஒன்பது வயதில் மச்சாள் சொன்னாள். அப்பா அதை நம்பினார்.

அவள் அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், அத்தைக்கு ஷிப்ட் என்பதால், அப்பா அவளையும் வேலைக்குக் கூட்டிப்போயிருந்தார். மொட்டைத்தலை வெள்ளைக்கார இளைஞர் மூவர் போத்தலோடு வந்து, உன் நாட்டுக்குப் போ என்று கத்தினார்கள். அப்பா அவளைக் கவுண்டருக்குக் கீழே தள்ளிவிட்டுக் கதவடியில் போய் நின்றார். உடைந்த போத்தல் இந்தக் கோட்டின் இடது கையைக் கிழித்துச் சதையிலும் இறங்கியது. பொலிஸ் வரும்வரை அவர் நகரவில்லை. இதை எங்களுக்குச் சொன்னது அப்பா அல்ல, அவள்தான். அவருடைய பிறந்தநாள்தோறும் சொல்வாள். அந்தக் கிழிசலைத் தைக்க அப்பா யாரையும் விட்டதில்லை.

தொடர் வந்த அன்று அம்மா ரோல்ஸ் பொரித்தார். லண்டனின் மறுகோடி மோர்டனிலிருந்துகூடச் சொந்தக்காரர் வந்தார்கள். அப்பா அயர்ன் பண்ணிய சேர்ட்டோடு முன் கதிரையில், மச்சாளுக்குப் பக்கத்தில் இருந்தார். திரையில் அதே கோட்டு. அதைப் போட்ட தொந்திக்காரர் ஒருவர் கவுண்டருக்குக் கீழே புகுந்து முருகனைக் கூப்பிடுகிறார். கடைக்குள் வந்து கத்திய வெள்ளைப் பையனுக்கு வீட்டில் ஏதோ கவலையாம். கடைசியில் கொத்துரொட்டி கொடுத்துக் கட்டிப்பிடிக்கிறார்கள். அதே பழைய சிரிப்பொலி. எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். முதலில் நானும் சிரித்தேன். அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

அப்பா அவள் பக்கம் திரும்பினார். "அண்டைக்குக் கவுண்டருக்குக் கீழ இருந்தது ஆர் பிள்ளை?"

"சிரிப்பு வரவேணுமெல்லோ மாமா. உள்ளபடி எழுதினா டிவிக்காரர் ஒருத்தரும் எடுக்கமாட்டினம்."

"ஓம்" என்றார் அப்பா. எழுந்துபோய் டிவியை அணைத்தார்.

அந்நியர் எழுதிய பகிடி அணைத்ததும் போய்விடும். இது போகவில்லை, எங்கள் வீட்டுச் சோறு தின்று வளர்ந்த பகிடி. துரோகம் என்பது பெரிய சொல் என்கிறார் அம்மா. எனக்கு அதைவிடச் சின்னச் சொல் அகப்படவில்லை.

கோட்டு திரும்பி வந்தபோது அப்பா உறையை நீக்கி இடது கையைத் தடவினார். தொடரின் உடை அலங்காரப் பகுதிக்காரர் கிழிசலை அடையாளம் தெரியாமல் தைத்திருந்தார்கள். திரும்பத் திரும்பத் தேடினார். பிறகு அதை என் கையில் தந்தார்.

"இது என்ர இல்லை" என்றார்.