இரண்டாவது மீட்டர்

கீத்லி ஊரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் ரோலண்ட் அக்ராய்டின் வீடு தெரியும். ஆயில் பிரஷர் மீட்டரின் ஊசி கொஞ்சம் இறங்கினால் போதும், அவர் வாசலில் வந்து நிற்பார்கள். ஆயில் அழுத்தம் போனால் இன்ஜின் போச்சு, அதற்குப் பயப்படாதவன் கார் வைத்துக்கொள்ளவே லாயக்கில்லை. ரோலண்ட் மட்டும் அலட்டிக்கொள்ள மாட்டார். காதைச் சாய்த்து இன்ஜினைக் கேட்டுவிட்டு, "இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. மீட்டர்தான் பொய் சொல்லுது," என்பார். பத்துக்கு ஒன்பது தடவை அது சரியாகவே இருக்கும். பத்தாவது தடவையைப் பற்றி அவரும் பேச மாட்டார், யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

மீட்டர்களைச் சந்தேகப்படுவதற்காகவே சம்பளம் வாங்கிய மனிதர் அவர். பதினாறு வயதில் ஊரிலிருந்த கருவித் தொழிற்சாலையின் சோதனை அறைக்குள் நுழைந்தவர், அதை இழுத்து மூடும் வரை முப்பத்தொரு வருஷம் அங்கேயே இருந்தார். புது மீட்டரை ஒரு பக்கமும், சரியானது என்று தெரிந்த மீட்டரை மறுபக்கமும் மாட்டி அழுத்தம் ஏற்ற வேண்டும். இரண்டும் காட்டும் எண்ணில் வித்தியாசம் இரண்டுக்குள் இருந்தால் பச்சைச் சீட்டு, மிஞ்சினால் சிவப்பு. "ஒரு மீட்டரை அதை வெச்சே சோதிக்க முடியாது. ரெண்டாவது ஒண்ணு வேணும்," என்று வீட்டிலும் பப்பிலும் சொல்லிச் சொல்லி எல்லோர் உயிரையும் வாங்குவார். கடைசி நாளன்று சோதனை மீட்டர் ஒன்றை மரப்பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பினார்கள். முப்பத்தொரு வருஷத்துக்கு அதுதான் மிச்சம்.

மனைவி டோரீன் அதே தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் இருந்தவள். கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து ஒரு சிவப்பு இரண்டு இருக்கைக் காரை வாங்கினார்கள். அவர் ஓட்டுவார், அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியைப் படித்துச் சொல்வாள். "ஐம்பது. ஐம்பது. நாற்பத்தெட்டு. ஏன் ரோலண்ட், இதைத் தவிர நமக்குப் பேச வேற விஷயமே கிடையாதா?" என்பாள். சொல்லிவிட்டு மறுபடியும் படிப்பாள்.

ஒரு கோடையில் ஸ்கார்பரோ கடற்கரைக்குப் போகும் வழியில், மேட்டு நிலத்து ரோட்டில் ஊசி ஒரேயடியாகப் பூஜ்யத்துக்கு விழுந்தது. டோரீன் நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். ரோலண்ட் நிறுத்தவில்லை. மீட்டர் பொய் சொல்கிறது என்று அடித்துச் சொல்லி நாற்பது மைல் ஓட்டினார். ஊர் போய்ச் சேர்ந்து பிரித்துப் பார்த்தால் மீட்டருக்குள்தான் கோளாறு. அதை அவர் முப்பது வருஷம் மார்தட்டிச் சொன்னார். அன்றைக்கு மட்டும் அந்த இன்ஜின் வழியில் வெடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மதியச் சாப்பாட்டு வேளை முடிந்த சமயம், வாசலில் ஹாரன் விடாமல் அலறியது. பழைய கார் கிளப்பைச் சேர்ந்த மேவிஸ் டெம்பெஸ்ட், தன் பச்சைக் காரில். முப்பது வருஷம் ஊர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். அழைப்பு மணி என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"யோவ் அக்ராய்ட், உயிரோடதான் இருக்கியா? டோரீன் போய் ஆறு மாசமாச்சு. போனை எடுக்கிறதில்ல, கிளப் பக்கம் தலை காட்டறதில்ல. சரி, எனக்காக வேணாம், இதுக்காகவாவது வெளிய வா. ஊசி படுத்துடுச்சு, எழுந்திரிக்கவே மாட்டேங்குது."

ரோலண்ட் செருப்போடு வெளியே வந்து பானெட்டைத் திறந்து காதைச் சாய்த்தார். இன்ஜின் ஒழுங்காகத்தான் ஓடியது. தட்டல் இல்லை, உரசல் இல்லை. அந்தப் பழைய வாக்கியம் தொண்டை வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "இன்ஜினைக் கழட்டணும்," என்றார்.

"என்னது?"

"பேரிங் போயிருக்கலாம். பம்ப் போயிருக்கலாம். இனிமே ஓட்டாதே. இங்கேயே விட்டுட்டுப் போ."

"உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா? சத்தம் என் காதுக்கே நல்லாத்தான் கேக்குது. இத்தனை வருஷமா மீட்டரை நம்பாதே, மீட்டரை நம்பாதேன்னு எங்க மண்டையில அடிச்சவன் நீதானே!"

"மீட்டர் உண்மையைச் சொன்னா? அப்ப என்ன பண்ணுவே? சொல்லு, என்ன பண்ணுவே?"

அவர் குரல் உடைந்துவிட்டது. மேவிஸ் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினாள். "அப்ப சோதிச்சுப் பாத்துடு. உன் மரப்பெட்டி இருக்குல்ல?" என்று மெதுவாகச் சொன்னாள்.

பெட்டி நடையில் இருந்த அலமாரியில்தான் இருந்தது. அதற்கு அடியில் பிரிக்காத ஒரு பார்சலும் இருந்தது. ரோலண்ட் அதைப் பார்க்காமல் பெட்டியை மட்டும் உருவ முயன்றார், முடியவில்லை. பார்சலும் சேர்ந்து கையோடு வந்தது.

போன அக்டோபரில் டாக்டர் டோரீனிடம் காலையும் மாலையும் வீட்டிலேயே மிஷின் வைத்து பிபி பார்த்துக் குறித்து வரச் சொல்லியிருந்தார். நூற்றெண்பதைத் தாண்டினால் உடனே கூப்பிடவும் என்று நம்பரோடு ஒரு தாளும் கொடுத்திருந்தார்கள். டோரீன் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். இரண்டு நாள் ஒழுங்காகப் போனது. வியாழக்கிழமை காலை சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "ரோலண்ட், நூத்தித் தொண்ணூத்தி நாலுங்குது. போன் பண்ணட்டுமா?"

அவர் கார் ஷெட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவள் கையிலிருந்த பட்டையைக் கழற்றி மறுபடி கட்டினார். இப்போது நூற்றுத் தொண்ணூற்றாறு. பேட்டரி மாற்றினார். அதனால் அழிந்துபோன தேதியையும் நேரத்தையும், அவர் வழக்கப்படி, வானொலிச் செய்தியின் மணியோசைக்கே சரி பார்த்து வைத்தார். தன் கையில் கட்டிப் பார்த்தார், நூற்று முப்பத்தேழு. மிஷின் சரிதான் என்று அதிலேயே புரிந்திருக்க வேண்டும். ஆனால் சோதனை அறைக்காரருக்கு அது போதவில்லை.

"மலிவு மிஷின். தலை வலிக்குதா? மயக்கமா இருக்கா?"

"ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப இதுதான் பொய் சொல்லுது. ரெண்டாவது ஒண்ணு ஆர்டர் போடறேன், சனிக்கிழமை வந்துடும். ரெண்டையும் வெச்சுப் பார்ப்போம்."

டோரீன் சிரித்தாள். "ஸ்கார்பரோ மாதிரியா?"

"ஸ்கார்பரோ மாதிரியேதான்."

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, டீ போட வைத்த கெட்டில் கொதித்து அடங்கிய பிறகும் அவள் கூப்பிடவில்லையே என்று இறங்கி வந்தவர், சமையலறைத் தரையில் அவள் கிடப்பதைப் பார்த்தார். மூளையில் ரத்தக் கசிவு. பார்சல் சொன்னபடி சனிக்கிழமை வந்தது, பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருந்தார். முன்னாலேயே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று ரோலண்ட் டாக்டரைக் கேட்டார். சொல்ல முடியாது என்றார் டாக்டர். வாழ்நாளெல்லாம் எண்களோடு இருந்தவருக்கு அந்த ஒரு கேள்விக்கு எண் கிடைக்கவில்லை. பழைய மிஷின் நிஜமாகவே கோளாறானது என்றால், அவர் அன்று சொன்னது சரி, சாவு சொல்லாமல் வந்தது. அது சரியான மிஷின் என்றால், அவள் கேட்ட உதவியைத் தட்டிவிட்டது அவர். பார்சலைப் பிரித்தால் தெரிந்துவிடும். அதனால்தான் ஆறு மாதமாகப் பிரிக்கவில்லை.

பார்சலை நாற்காலியில் போட்டுவிட்டு மரப்பெட்டியோடு வெளியே வந்தார். காரின் மீட்டருக்குப் போகும் மெல்லிய குழாயை இன்ஜின் பக்கத்தில் கழற்றி, அந்த இடத்தில் சோதனை மீட்டரைத் திருகினார். மேவிஸ் இன்ஜினைக் கிளப்பினாள். ஊசி துள்ளி எழுந்து அறுபதில் நின்றது. கால் மணி நேரம் சூடாக ஓடவிட்டும் ஐம்பத்திரண்டுக்குக் கீழே இறங்கவில்லை.

"புதுசா ஏதாச்சும் மாட்டினியா, மேவிஸ்?"

"ரேடியோ. ஏன்?"

டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார். ரேடியோவின் தாங்கிக்கும் தகட்டுக்கும் நடுவே அந்தக் குழாய் சப்பளிந்து கிடந்தது. மீட்டருக்கு ஆயில் போய்ச் சேரவே இல்லை.

"இன்ஜின் நல்லாத்தான் இருக்கு," என்றார் ரோலண்ட். அடுத்த பாதியைச் சொல்ல வாய் வரவில்லை.

மேவிஸ் அவரைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். "பாத்தியா? நீ சொல்றது எப்பவுமே சரிதான்ப்பா. டோரீன் இருந்தா இப்ப எப்படிச் சிரிச்சிருப்பா!"

அவள் நல்லெண்ணத்தில்தான் சொன்னாள், பாவம். அந்த வியாழக்கிழமை பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. நசுங்கிய துண்டை வெட்டி எறிந்து வேறு குழாய் மாட்டிக் கொடுத்தார். அவள் வழக்கம்போல ஹாரன் அடித்துக்கொண்டே தெருவைத் திரும்பினாள்.

ரோலண்ட் கை கழுவிவிட்டு வந்து பார்சலைப் பிரித்தார். மேவிஸ் காருக்குச் செய்யத் தெரிந்ததை டோரீனுக்குச் செய்யாமல் வைத்திருப்பது அவருக்குத் தாங்கவில்லை. பழைய மிஷினை எடுத்து வந்தார். அதன் பட்டை இன்னும் டோரீன் கை அளவிலேயே சுருண்டு கிடந்தது. தன் கைக்குத் தளர்த்தியபோது முதல்முறையாக அழுதார். பிறகு தொழிற்சாலை முறைப்படி, மாற்றி மாற்றி, ஒவ்வொன்றிலும் ஐந்து தடவை பார்த்துப் பென்சிலால் குறித்தார். பழையது நூற்று நாற்பத்து நாலு, புதியது நாற்பத்தைந்து. பழையது நாற்பத்து மூன்று, புதியது நாற்பத்து நாலு. ஒரு தடவைகூட வித்தியாசம் இரண்டைத் தொடவில்லை. பச்சைச் சீட்டு.

பழைய மிஷினில் முன்பு எடுத்த அளவுகளைக் காட்டும் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்திப் பின்னோக்கிப் போனார். இன்று எடுத்த ஐந்தும் போயின. அடுத்து வியாழக்கிழமை அவர் கையில் கட்டிய நூற்று முப்பத்தேழு வர வேண்டும். வரவில்லை. அவர் பார்த்தே இராத ஒரு எண் வந்தது. இருநூற்றெட்டு. வெள்ளிக்கிழமை, காலை ஆறு பத்து. நேரம் தப்பாக இருக்க வழியே இல்லை, வைத்தது அவர்.

எழுந்து வந்திருக்கிறாள். தானாகவே கட்டிப் பார்த்திருக்கிறாள். இருநூற்றெட்டைப் பார்த்துவிட்டு, மீட்டர் பொய் சொல்கிறது என்று மிஷினை உறையில் போட்டுவிட்டு, அவரை எழுப்பாமல், கெட்டிலை வைக்கப் போயிருக்கிறாள்.

ஃபிரிட்ஜ் கதவில் அந்தத் தாள் அப்படியே இருந்தது. ரோலண்ட் அதிலிருந்த நம்பரை அழுத்தினார். இரண்டு தடவை மணி அடித்ததும் ஒரு பெண் எடுத்தாள்.

"சொல்லுங்க."

"என் மனைவிக்கு பிபி இருநூத்தெட்டு."

"அவங்களை உட்கார வைங்க, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிடறேன். பேரு?"

"டோரீன் அக்ராய்ட்."

"எப்ப பாத்தீங்க சார்? இப்பவா?"

"போன அக்டோபர்ல."

"போன அக்டோபரா, சார்?"

"மீட்டர் சரியாத்தாம்மா இருந்துச்சு," என்றார் ரோலண்ட். "அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."