காற்றுக்கு இடம் விடாத கணக்கு

பிளாஸ்டிக் பந்துகள் கடகடவென்று உருளும் சத்தம் கேட்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். கோபமெல்லாம் என் மேல்தான்.

பழவேற்காடு ஏரியில் யார், எங்கே, எந்த நாளில் வலை போடுவது என்பதற்கு முறை உண்டு. ‘பாடு’ என்பார்கள். தங்கையின் கணவன் ஏழுமலைக்கு அன்று மாலை பாடு. தவறினால் அடுத்த முறைவரை சும்மா உட்கார வேண்டியதுதான். புது வலைக்கு மிதவைப் பந்துகள் வாங்கப் போகும்போதே கேட்டான்.

“சாக்கு எடுத்தாரவா மச்சான்?”

“வாணாம் மாப்ளே. கணக்கு போட்டுட்டேன். ரெண்டு டிரம் போதும்.”

டிரம்மின் கொள்ளளவை ஒரு பந்தின் அளவால் வகுத்திருந்தேன். பந்துகளைத் தண்ணீர் என்று நினைத்துவிட்டேன்.

ஏழுமலையின் தீவு ஊரான பசியாவரத்துக்குக் கடைசிப் படகு கிளம்பத் தயாராக நின்றது. மூன்றில் இரண்டு பங்குப் பந்துகளிலேயே டிரம்கள் நிரம்பிவிட்டன. குலுக்கினேன், தட்டினேன், உதைத்தேன். தோளோடு தோள் இடித்து நின்ற பந்துகள், நடுவே இருந்த வெற்றிடத்தை விட்டுக்கொடுக்கவே இல்லை.

“மூடி இல்லாம ஏத்தாதே, காத்துல பறந்துபூடும்” என்று கத்தினார் படகுக்காரர்.

ஏழுமலை சட்டையைக் கழற்றி, கைகளை முடிச்சுப் போட்டு, கொள்ளுமட்டும் திணித்தான். அப்படியும் கரையில் என் காலடியில் ஒரு குவியல் மிஞ்சியது.

“பந்து பத்தாம நடுவுல வலை அமுங்கும். மீனு தாண்டிப்பூடும்” என்று தனக்குள் முணுமுணுத்தான். என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

படகு நகர்ந்ததும், கரையில் நின்ற என் பக்கம் திரும்பிச் சொன்னான்:

“பந்துக்கு நடுவுல காத்து குந்திகினு கீது மச்சான். அடுத்த தபா அதுக்கும் எடம் வுட்டு கணக்கு போடு!”