படிகத்தில் உறைந்த அலை

தேயிலைக் கொழுந்தெடுக்கும் மலையில் வழுக்கி விழுந்து அம்மாவின் கால் முறிந்த செய்தி வந்தபோது, நான் ஜெர்மனியில் ஆய்வகத்தில் இருந்தேன். அப்போதுதான் என் படிக மாதிரியின் முதல் படம் திரையில் வந்திருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். அப்பா இல்லை, நான் ஒரே பிள்ளை.

இலங்கை மலையகத்து அக்கரப்பத்தனையில், எல்லோரும் வேலைக்குப் போனபின் பகலில் எங்கள் லயத்து வரிசை வீடுகள் காலியாகிவிடும். அம்மாவுக்குச் சோறாக்கி, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டால் பேச ஆளிருக்காது. என்னோடு படித்தவர்களில் ஒருத்திதான் தோட்டத்தில் மிச்சம். அவள் வாசலில் நின்று, "எப்பங்க திரும்பிப் போறீங்க?" என்று கேட்டாள். பள்ளியில் எனக்குப் பட்டப்பெயர் வைத்தவள் அவள்தான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

மடிக்கணினியில் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கட்டிலில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னா புள்ள இது, புள்ளி புள்ளியா?"

"அணும்மா. ஒரு ஊசியக் கிட்ட கொண்டுபோய், தொடாம, மேல ஓட்டுவோம். நடுவுல துளி கரண்டு பாயும். அத வச்சு வரையிற படம்."

"குறுக்க பட்டை பட்டையா ஓடுதே?"

"நல்லா குளிர வச்சா எலக்ட்ரான் எல்லாம் ஒரு எடத்துல கூடியும் ஒரு எடத்துல கொறைஞ்சும் அலை மாதிரி நின்னுரும். அதுன்னு நெனைக்கிறேன்."

அம்மா திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "நெஜமா அதுல இருக்கா, இல்ல ஒங்க மிசின் அப்புடிக் காட்டுதா?"

கரண்டுக் கம்பியிலிருந்து கலக்கும் மின் இரைச்சல்கூடப் படத்தில் இப்படிப் பட்டையாகத் தெரியும். ஊசியின் வேகத்தை மாற்றி மறுபடி எடுத்தால் இரைச்சலின் இடைவெளி மாறும், அலையின் இடைவெளி மாறாது. மின்னழுத்தத்தின் திசையை மாற்றிக் கொடுத்தால் அலையில் வெளிச்சமான இடங்கள் இருட்டாக மாறவும் வேண்டும். இரண்டையும் செய்யாமல் வந்திருந்தேன். இரண்டு நாளில் என் மாதிரியை எடுத்துவிட்டு வேறொருவர் கருவியைப் பிடித்துக்கொள்வார்.

வீட்டில் இன்டர்நெட் சிக்னல் கிடைக்காது. மேல் ரோட்டு வளைவுக்கு ஏறி, இரண்டையும் எடுத்து அனுப்பச் சொல்லி ஆய்வகத் தோழிக்கு எழுதினேன். மறுநாள் பகல் முழுக்கத் தூறலில் அங்கேயே நின்றேன். ஹட்டன் போகும் பஸ் இரண்டு தரம் நிறுத்தி, வரவில்லையென்று நான் கையசைத்ததும் போனது.

மாலையில் படங்கள் வந்தன. வேகம் மாறியும் இடைவெளி மாறவில்லை. வெளிச்சம் இருந்த இடமெல்லாம் இருட்டாகியிருந்தது. அலை நிஜம்தான். ரோட்டில் யாரும் இல்லை. இறங்கி ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன்.

அவளுக்குச் சந்தோஷம்தான். கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "அப்ப நீ அங்கயே இருந்து பாக்கணுமே?" என்றாள்.

"ஆமாம்மா. இன்னும் நெறைய அளக்கணும்."

"கட்டு பிரிச்சதும் கெளம்பு."

கொஞ்ச நாள் கழித்துப் போகிறேன் என்றேன். அவள் போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். மாவுக்கட்டு பிரித்த வாரமே தலவாக்கலையில் ரயில் ஏறினேன்.

அந்த அலையைப் பற்றிய கட்டுரை வெளிவந்த அன்று ஆய்வகத்தில் கேக் வெட்டினார்கள். அம்மாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அவள் அந்த வாரம்தான் மறுபடி கொழுந்தெடுக்க மலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள்.