சோம்பு எண்ணெயில் மென்தால்

தொண்ணூறுகளில் ஆக்லாந்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். மத்தியதரைக் கடலோரத்துச் செடியான காட்டுச் சோம்பு, அந்நகரின் ஒனிஹங்கா ரயில் பாதையோரம் மண்டிக் கிடக்கும். அதைப் பறித்து வந்து எண்ணெய் வடித்து, அதிலுள்ள வேதிப்பொருள்களைக் கண்டறிவது என் பொறுப்பு. குடுவைகளைக் கழுவித் தருபவர் யாழ்ப்பாணத்து வதனி. அவருடைய விசா அந்தத் தற்காலிக வேலையை நம்பியிருந்தது.

ஒருநாள் எண்ணெயில் மென்தால் இருப்பதாகக் கருவி காட்டியது. புதினாவில் இருக்கும் அது சோம்பில் இருக்க வழியில்லை. குடுவை சரியாகக் கழுவப்படவில்லை என்று மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன். வதனியை அந்த வாரத்தோடு நிறுத்திவிடலாம் என்றார் அவர்.

"மூண்டு தரம் கழுவினனான் அண்ணை," என்றார் வதனி.

"அப்போ மென்தால் வானத்துலேர்ந்து குதிச்சுதாம்மா?" என்றேன், எல்லோர் முன்னாலும்.

மறுநாள் குடுவையை நானே கழுவி, இலையை நானே நறுக்கி வடித்தேன். மறுபடியும் மென்தால். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். காலையில் நெற்றியில் தேய்த்த, மென்தால் கலந்த தலைவலித் தைலம் விரல்களில் மணத்தது. தினமும் அதே விரல்களால்தான் இலை நறுக்கினேன்.

வதனி மேல் தவறில்லை என்று மேலதிகாரியிடம் சொன்னேன். என் விரல்களைப் பற்றிச் சொல்லவில்லை.

மாலையில் வதனி ஓடி வந்தார். "நீங்கள்தானாம் எனக்காகக் கதைச்சது. வேலை தப்பிட்டுது அண்ணை. பெரிய உபகாரம்."

"பரவாயில்லம்மா," என்றேன்.

பழி சுமத்தியதையாவது அவசரப் புத்தி என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொண்டதற்கு இன்றுவரை எனக்கு ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை.